வாலு உண்டு வேய்

செத்துப்போன ஒரு மனிதரை ஒரு காற்றுக்காலம் முழுக்க ஏமாற்றிய கதை இது. இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது, ஆனால் கடைசியில்தான் இருக்கிறது, அதற்கு முன்னால் சிரிக்கிறவர்கள் சிரிப்பை வீணடிக்கிறார்கள் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். காவல்கிணற்றிலிருந்து முப்பந்தல் வழியாகத் திரும்பி வருகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆனி ஆடிக் காற்றுக்கு எதிரே வாயைத் திறந்தால் சிரிப்பு உள்ளே போகுமே தவிர வெளியே வராது என்று. அதனால் வாயை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, முன்னால் போகிற வண்டியின் பின்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

முன்னால் போகிறவர் தாணுலிங்கம் சார். வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர், கதவு போல அகன்ற முதுகு, காற்று ஏறினால் காது வலிக்கும் என்று இரண்டு காதிலும் நல்லெண்ணெயில் நனைத்த பஞ்சு, எந்தக் காலத்திலும் சிரித்து யாரும் பார்த்திராத முகம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் எங்கள் சைக்கிள் செட்டு வடசேரியில் கூடும்போது அவர் யாரிடமும் நலம் விசாரிக்க மாட்டார். நேராகக் குனிந்து ஒவ்வொரு வண்டியின் டயரையும் கட்டைவிரலால் இரண்டு தடவை அமுக்குவார், பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளிப் பார்ப்பார், பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிச் செயின் ஓடும் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்பார், ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்ப்பார், எல்லாம் சரியென்றால் "ம்" என்பார். அந்த "ம்" கிடைக்காத வண்டி வடசேரியைத் தாண்டாது.

கடைசியில் வருகிறவர் சுயம்பு அண்ணாச்சி. வாழைத்தார் மண்டிக்காரர், மட்டியும் ரசகதலியும் ஏத்தனும் ஏலம் கூவிக் கூவி உரமேறிய தொண்டை, சாருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னிருந்தே சாருக்குப் பின்னால் வண்டி விடுகிறவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் "வேய்" என்பார்கள், வேறு பெயர் சொல்லிக் கேட்டதில்லை. அண்ணாச்சியின் இடத்துக்கு வால் என்று பெயர். வாலுக்கென்று எங்கள் செட்டில் ஒரு முறை உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கதைக்குள் வர முடியாது.

முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் ஹேண்டில்பார் கோணும், கோணினால் ஒரு முழ இடைவெளியில் ஒட்டி வருகிற எல்லோரும் சரிவார்கள். ஆகவே ஒவ்வொரு பாலமும் வளைவும் கடந்ததும் கடைசி ஆள் அடிவயிற்றிலிருந்து "வாலு உண்டு வேய்" என்று கத்த வேண்டும். அந்தச் சத்தம் முன்னால் எட்டினால்தான் சார் பெடலை அழுத்துவார். எட்டாவிட்டால் வேகத்தைக் குறைப்பார், குறைத்துக் குறைத்து நிற்பார். வழியில் தளர்ந்தவர்களின் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளிக்கொண்டு வருவதும் வாலின் வேலை. வால் இடத்தை விட்டு விலக வேண்டுமென்றால், தனக்கு முன்னால் இருப்பவரின் முதுகைத் தொட்டு "வாலு உனக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் விலக வேண்டும். சொல்லாமல் விலகியவர் எங்கள் செட்டில் ஒருவரும் கிடையாது, அந்த ஆனி மாதத்து ஞாயிறு வரைக்கும்.

நான் பெனிலா, பிளஸ் ஒன், வரிசையின் நடுவில் அண்ணாச்சியின் உள்ளங்கையை நம்பி வருகிறவள். எனக்கு எந்தக் குரலும் வரும். தனியார் பஸ் கண்டக்டர் மூக்கால் கூப்பிடுவது வரும், பங்குச்சாமியார் பிரசங்கத்தில் "அன்பானவர்களே" என்று இழுத்துவிட்டு அடுத்த வார்த்தையை மறப்பது வரும், செட்டில் சாருக்கு அடுத்து வண்டி விடுகிற ஹக்கீம் அண்ணன் கோட்டாறு ஜவுளிக்கடையில் ஒரே சேலையை மூன்று பேருக்கு மூன்று விதமாகப் புகழ்வது வரும், எங்கள் வீட்டுக் குக்கரின் மூன்றாவது விசில் வரும், அதைக் கேட்டு அம்மா ஓடிவந்து அடுப்பை அணைத்த நாட்களில் நாங்கள் அரைவேக்காட்டுப் பருப்பு சாப்பிட்டிருக்கிறோம். ஒரு தடவை வெள்ளமடம் தாண்டி, ஹக்கீம் அண்ணன் குரலில் "குழி" என்று கத்தினேன், குழி எதுவும் இல்லாத ரோட்டில் வரிசை முழுக்க ஒரு பாம்பு போல வளைந்து விலகிற்று. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சார் வண்டியை நிறுத்தி, இறங்கி, என்னிடம் வந்தார்.

"எவன் குரலை வேணும்னாலும் வீட்டுல எடு. ரோட்டுல எடுக்கப்பிடாது. இங்க ஒருத்தன் சத்தத்தை நம்பித்தான் இன்னொருத்தன் போறான்."

அவ்வளவுதான். நான் அவருடைய "ம்" முதற்கொண்டு எல்லாம் செய்வேன், அவருடைய சிரிப்பு மட்டும் எனக்கு வராது. கேட்டிருந்தால்தானே வரும்.

அந்த ஆனி ஞாயிறன்று வடசேரியில் சார் அண்ணாச்சியின் வண்டிக்கு முன்னால் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கின் மேல்பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலும் கீழுமாக இழுத்தார்.

"இதுல கீறல் இருக்கு வேய்."

"பெயிண்டு உரிஞ்சிருக்கு."

"பெயிண்டுல நகம் தட்டாது. இது தட்டுது. மாத்திட்டு வாரும்."

"அடுத்த வாரம் மாத்துதேன். இப்பம் வண்டியை எடும், வெயிலு ஏறுது."

"அடுத்த வாரம் வாரும்."

அண்ணாச்சி சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். ஹக்கீம் அண்ணன் தன் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். "இத்தன வருசமா ஒம்ம முதுகைத் தவிர நான் என்னத்த வேய் பாத்திருக்கேன்? ஒருநாளு நீரு என்னத் திரும்பிப் பாத்ததுண்டா? பின்ன வாறவன் விழுந்தா ஒமக்கென்ன, எந்திச்சா ஒமக்கென்ன?" என்றார்.

சார் நிமிர்ந்தார். "உருட்டிட்டுப் போரும். ஏறப்பிடாது" என்று மட்டும் சொன்னார்.

அண்ணாச்சி அந்த வண்டியிலேயே ஏறி, அழுத்தி மிதித்து, ஒருவர் முதுகையும் தொடாமல் போய்விட்டார். அன்றைக்கு நாங்கள் வாலில்லாமல் போனோம். வாலில்லாத வரிசையை இழுத்துக்கொண்டு எப்படிப் போவது என்று சாருக்குத் தெரியவில்லை, வழியெல்லாம் நின்று நின்று காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார். வீடு வந்து சேர மத்தியானம் ஆயிற்று. அந்த வாரத்திலேயே ஒரு நாள் தூக்கத்திலேயே அவருக்கு இதயம் நின்றுபோயிற்று. செட்டு முழுவதும் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சுடுகாடு வரைக்கும் நடந்தது. சுயம்பு அண்ணாச்சி வரவில்லை. மண்டியின் ஷட்டர் பாதி இறங்கிக் கிடந்தது.

அடுத்த ஞாயிறு சார் நினைவாகக் காவல்கிணறு வரை ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று போனோம். போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. காவல்கிணற்று டீக்கடைக்காரர் பழக்கத்தில் சாருக்கென்று சர்க்கரையில்லாத டீ ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டு, யாரும் எடுக்காததைக் கண்டு, கீழே கொட்டவும் மனமில்லாமல் பலகையிலேயே வைத்திருந்தார். திரும்பும்போதுதான் காற்று. பனைமரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்க, பிளாஸ்டிக் பைகள் தரையைத் தொடாமல் படுக்கைவாக்கில் பறக்க, காற்றாலைகள் மலையடிவாரம் முழுக்க உறுமிக்கொண்டு சுற்ற, ஹக்கீம் அண்ணன் முன்னால் கூனிக்கொண்டு மிதித்தார். அப்போது அவருடைய சட்டை படபடப்பதை நிறுத்திற்று. பிறகு அவருக்குப் பின்னால் வந்தவரின் சட்டை நின்றது, அதற்குப் பின்னால் வந்தவரின் சட்டை, அப்படியே ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் என் சட்டையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு அடங்கியது. வெளியே காற்று ஊளையிட்டது. உள்ளே சாத்திய அறையின் அமைதியும் நல்லெண்ணெய் வாசமும் இருந்தன.

"சார் வந்துட்டாரு" என்றார் ஹக்கீம் அண்ணன், பஸ் வந்துவிட்டது என்று சொல்கிற குரலில். அகன்ற ஒரு முதுகு காற்றைப் பிளந்துகொண்டு போனால் பின்னால் என்ன மறைவு கிடைக்குமோ அந்த மறைவு எங்கள் எல்லோருக்கும் கிடைத்தது. முதுகுதான் இல்லை.

பாலத்தைத் தாண்டினோம். மறைவு மெதுவாயிற்று. இன்னும் மெதுவாயிற்று, நடக்கிற வேகத்துக்கு வந்தது, வண்டிகள் தள்ளாடின, காலை ஊன்றி நின்றோம். எங்களைச் சுற்றி மட்டும் காற்றில்லை.

"சார் ஏன் நிக்காரு?"

"வாலு சத்தம் கேக்காம எப்பிடிப் போவாரு?" என்றார் ஹக்கீம் அண்ணன். எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். தள்ள ஆளில்லாததால் நான்தான் கடைசியில் இருந்தேன். ரோட்டில் குரல் எடுக்கக் கூடாது என்று சார் சொன்னது நினைவில் இருந்தது, ஆனால் அவர் அப்படி நடுரோட்டில் லாரிகள் போகிற இடத்தில் காத்துக்கொண்டு நிற்பதையும் என்னால் பார்க்க முடியவில்லை. வயிற்றை எக்கி, மண்டியில் ஏத்தன் தாருக்கு விலை ஏற்றுகிற அந்தக் கரகரப்பைத் தொண்டைக்குக் கொண்டுவந்து, கத்தினேன்.

"வாலு உண்டு வேய்."

மறைவு நகர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. நானும்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். காவல்கிணற்றில் சேர்ந்துகொள்வார், தோவாளை பூச்சந்தையில் விட்டுப் போவார், நடுவில் பாலத்துக்குப் பாலம் நான் சுயம்பு அண்ணாச்சியாக இருப்பேன். முன்னைக்கு இப்போது மெதுவாகப் போகிறார் என்று மட்டும் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். "செத்தவருக்கு என்ன அவசரம்" என்றார் ஹக்கீம் அண்ணன்.

ஊரும் அதை எடுத்துக்கொண்டது. முதலில் பீடிக்காரர்கள், முப்பந்தலில் ஆனி தொடங்கினால் ஐப்பசி வரைக்கும் ஒரு தீக்குச்சி நிற்காது, அதனால் அவர்கள் ஞாயிறு காலையில் ரோட்டோரம் பீடியை உதட்டில் வைத்து வரிசையாகக் காத்திருந்து, நாங்கள் கடக்கிற அந்த ஒரு மூச்சு நேரத்தில் குச்சியை உரசி, "வாழ்க சாரு" என்று புகை விட்டார்கள். அடுத்தது தோவாளைப் பெண்கள், பிச்சிப்பூக் கூடைகளின் ஈரத்துணியை எங்கள் வரவுக்கென்று விலக்கி வைத்து, காற்றில்லாத அந்த நேரத்தில் அவசர அவசரமாகப் பூவை அளந்தார்கள். காற்றாலைக் கம்பெனி எஞ்சினியர் ஒருவர் ஜீப்பில் வந்து, நாங்கள் போகப் போக காற்றாலைகள் ஒவ்வொன்றாக ஒரு கணம் தயங்கிவிட்டுச் சுற்றுவதாகச் சொல்லி, மேலிடத்துக்கு இதற்கு என்ன காரணம் எழுதுவது என்று கேட்டார். "துக்கம்னு எழுதுங்க சார்" என்று ஒரு பீடிக்காரர் சொன்னார், அவரும் ரொம்ப யோசித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். பங்குச்சாமியார் "அன்பானவர்களே" என்று தொடங்கி, காற்றை அதட்டி அடக்கியவர் ஆண்டவர் ஒருவர்தான் என்று சொல்லி, பிறகு மறந்து நின்று, மறுவாரம் பூசை முடிந்து தானே ஒரு பழைய சைக்கிளில் வரிசையின் நடுவில் வந்து சேர்ந்தார். இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் தட்டில் சூடம் ஏற்றி ரோட்டோரம் பிடித்தார்கள், சுடர் நிமிர்ந்து நின்றால் சார் கடந்துபோகிறார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஹெல்மெட் இல்லாமல் மறைவுக்குள் நுழைந்தவனைக் காற்று காதைப் பிடித்து இழுப்பது போல வெளியே இழுத்துப் போட்டது. தளர்ந்த பிரேக்கோடும் காற்றிறங்கிய டயரோடும் வந்தவர்களுக்கும் அதே கதி. போலீசுக்குப் பயந்துகூட ஹெல்மெட் போடாத ஆரல்வாய்மொழி முழுக்கத் தலைக்கொரு ஹெல்மெட் வாங்கிற்று, மாவு மில்லுக்குப் போகிறவர்கள்கூட டயரைக் கட்டைவிரலால் இரண்டு தடவை அமுக்கிவிட்டு ஏறினார்கள்.

புரட்டாசி பிறந்த பிறகு, ஒரு சாயங்காலம் செண்பகவல்லி மாமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாரின் மனைவி. உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு, வாசற்படியிலேயே நின்றாள்.

"பதினாறுக்குச் சோறு வச்சேன், காக்கா வரல்ல. ஆடி அமாவாசைக்கு வச்சேன், மதில்ல வந்து இருந்து பாத்துட்டுப் பறந்துட்டு. அவிய வீட்டுக்கு வரல்ல மக்களே. ரோட்டுலயே நிக்காவ."

நான் வாசல் விளக்கைப் போட்டேன்.

"ஊரே கொண்டாடுது. பீடி கொளுத்துகான், சூடம் கொளுத்துகான். அவியளுக்குக் காத்து சேராது, அது ஒருத்தனுக்காவது தெரியுமா? நனைச்சு வைக்கப் பஞ்சு ஆரு குடுக்கா அங்க? அடுத்த வாரம் அமாவாசை. நீ அந்தச் சத்தத்தை நிறுத்து."

"நிறுத்தினா போவமாட்டாரு மாமி, நின்னுருவாரு. நிஜ வாலு வாற வரைக்கும் அங்கதான் நிப்பாரு."

மாமி படியிலிருந்து இறங்கினாள். "அப்பம் நிஜ வாலைக் கூட்டிட்டு வா. சாவுக்கு வராதவன் வாசல்ல நான் போயி நிக்கமாட்டேன். நீ போ" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு மண்டிக்குப் போனேன். தார்கள் உத்தரத்திலிருந்து வரிசை வரிசையாகத் தொங்கின, அண்ணாச்சி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டூலில் இருந்தார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று தோன்றியது. ரசகதலித் தார்களுக்குப் பின்னால் ஒளிந்து, நெஞ்சைத் தாழ்த்தி, சாரின் குரலை அப்படியே எடுத்தேன். "வாரும் வேய். நேரமாச்சு."

அண்ணாச்சி திரும்பவில்லை. "பெனிலா, அவரு 'வேய்' சொல்லுக்கு முன்ன மூக்குல ஒரு மூச்சு விடுவாரு. நீ விடல்ல. வெளிய வா."

வந்தேன்.

"மார்க்கெட்டுல எவனைப் பாத்தாலும், ஞாயித்துக்கிழமை ஒம்ம சத்தம் முப்பந்தல்ல கேட்டேன்னு சொல்லுகான். நான் வீட்டுல கதவடச்சுக் கெடக்கேன். என் தொண்டை ஊரு சுத்துது. நீதானே எடுத்துட்டுப் போற?"

"திருப்பித் தாறேன் அண்ணாச்சி. வந்து வாங்கிக்கிடுங்க."

"அவரு நம்பிட்டாராக்கும்?"

"ஒரு தடவகூட சந்தேகப்படல்ல" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் மேலே கையைக் காட்டினார். தார்களுக்கு நடுவில் அவருடைய சைக்கிளும் தொங்கியது. முன்சக்கரம் கழற்றப்பட்டிருந்தது, ஃபோர்க்கின் ஒரு கால் மேலே ஒடிந்து தனியாக ஆடிக்கொண்டிருந்தது, கீழே சிமெண்டுத் தரையில் ஒரு ஏத்தன் தார் நசுங்கிக் கறுத்துக் கிடந்தது. அதை அள்ளிப்போட அவர் யாரையும் விடவில்லை போலிருந்தது.

"அவரு சொன்னது பொய்யின்னு காட்டணும்னு, அண்ணைக்கே வந்து வண்டியக் கெட்டித் தொங்கப் போட்டு, ஃபோர்க்குல ஒரு தாரு மாட்டினேன். ஒடியல்ல. மறுநாளு அதைவிட பெரிய தாரு. ஒடியல்ல. இந்தா பாரும் வேய்னு அவருட்ட போயிச் சொல்லணும்னு இருக்கும்போதுதான் செத்துட்டாருன்னு சொன்னாவ. அப்பமும் ஒடியல்லியே பிள்ளே. ஒடியாத ஃபோர்க்கோட எப்பிடிச் சாவுக்குப் போவேன்? அவருதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு அவரு முகத்துல எப்பிடி முழிப்பேன்?" நசுங்கிக் கிடந்த தாரைக் காலால் தொட்டார். "பின்னயும் தாரு மாத்தி மாத்தி மாட்டினேன். போன செவ்வாக்கிழமை ஒடிஞ்சுது. நான் கீழதான் இருந்தேன், காதுக்குப் பக்கத்துல விழுந்துது. முப்பந்தல் எறக்கத்துல ஒடிஞ்சிருந்தா நான் அவருக்கு முன்னாலயே போயிருப்பேன்."

அந்த அமாவாசைக்குக் காக்கை வந்தது. ஒன்று வந்து, கூப்பிட்டு, பிறகு மதில் முழுக்க வந்து, மாமி வைத்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றன. அதற்கடுத்த ஞாயிறு காவல்கிணற்றில் நாங்கள் எவ்வளவோ நேரம் காத்திருந்தும் மறைவு வரவில்லை, காற்று எங்களை முகத்திலேயே அறைந்தது, பீடிக்காரர்கள் பற்றாத பீடியை உதட்டில் வைத்தபடியே எழுந்து நின்று தலைத்துண்டை எடுத்தார்கள். இவையெல்லாம் பின்னால் நடந்தவை. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் வாக்குக் கொடுத்த சிரிப்பு இவற்றுக்கு முன்னால் இருக்கிறது, அங்கே போய்ச் சேர்ந்தபிறகு நான் பேசமாட்டேன்.

அமாவாசைக்கு முந்தின ஞாயிறு சுயம்பு அண்ணாச்சி வடசேரிக்கு வந்தார். புது ஃபோர்க், புது பிரேக் கட்டை.  ஹக்கீம் அண்ணன் தன் இடத்தைக் கொஞ்சம் முன்னே நகர்த்திக்கொண்டார், அப்படியே வரிசை முழுவதும் நகர்ந்து, கடைசியில் எனக்குப் பின்னால் ஒரு வண்டிக்கு இடம் உண்டாயிற்று.

காவல்கிணற்றில் வண்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணாச்சியின் முன்டயரில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்து எழும்பியது. இன்னொரு தடவை விழுந்து எழும்பியது. பிறகு புது ஃபோர்க்கின் மேல், உச்சியிலிருந்து அடிவரைக்கும், நகம் இழுபடுகிற மெல்லிய ஓசை எங்கும் தட்டாமல் இறங்கியது. பெடல் பின்பக்கமாகச் சுற்றியது. அண்ணாச்சி கையிலிருந்த டீயைக் குடிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"இப்பம் சரியா வேய்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். டீக்கடைக்காரர் கூடுதல் டீயை அண்ணாச்சியின் கையில் கொடுத்தார். சர்க்கரையில்லாத டீ. அதைக் குடித்தார்.

கிளம்பினோம். மறைவு வந்தது, சட்டைகள் ஒவ்வொன்றாக அடங்கின. நல்லெண்ணெய் வாசம். பாலம் வந்தது, பாலம் கடந்தது. எனக்குப் பின்னால் சத்தம் வரவில்லை. அண்ணாச்சி வாயைத் திறப்பதும் மூடுவதும் எனக்குக் கேட்டது. மறைவு மெதுவாயிற்று, இன்னும் மெதுவாயிற்று. ஹக்கீம் அண்ணன் ஒரு காலை பெடலிலிருந்து எடுத்துவிட்டார். எனக்குப் பழகிப்போன வேலை, வயிற்றை எக்கினேன்.

"வேண்டாம் பிள்ளே" என்றார் அண்ணாச்சி. பிறகு அவர் கூவினார். மண்டியில் அந்தக் குரலை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், எத்தனையோ தடவை திருடியிருக்கிறேன், ஆனால் அதற்குள் இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியாது. காற்றாலைகளின் உறுமலைத் தாண்டி அது மலையில் போய் மோதித் திரும்பி வந்தது.

"வாலு உண்டு வேய்."

மறைவு பாய்ந்தது. பழைய தாணுலிங்கம் சாரின் வேகம் அது, ஓய்வு பெற்ற கேஷியர் எங்களையெல்லாம் நாக்குத் தள்ள வைக்கிற வேகம். வரிசை ரப்பராக இழுபட்டது. பங்குச்சாமியார் மூச்சுவிட மறந்தார். நான் எழுந்து நின்று மிதித்தேன், முன்னால் போகிற வண்டியின் பின்சக்கரம் என்னை விட்டுப் போகப் போக மிதித்தேன். அப்போது என் முதுகில் அந்த உள்ளங்கை பட்டது, தள்ளப்போகிறார் என்று நினைத்தேன். தள்ளவில்லை, தொட்டது.

"வாலு உனக்கு" என்றார்.

சொல்லிவிட்டு, என்னைக் கடந்து, வரிசையை ஒவ்வொருவராகக் கடந்து, ஹக்கீம் அண்ணனையும் கடந்து, இத்தனை வருஷமும் பின்னாலிருந்து மட்டுமே பார்த்த அந்த இடத்துக்குப் பக்கவாட்டில் போய்ச் சேர்ந்தார். ஒரு வண்டியும், வண்டியில்லாத ஒரு மறைவும், தோளோடு தோளாக ஏற்றத்தில் ஏறின. அவர்கள் ஏறிய வேகத்துக்கு நான் ஈடுகொடுக்க முடியவில்லை. மறைவின் கடைசி ஓரம் என்னை விட்டு நழுவியது, காற்று நெஞ்சில் கை வைத்துப் பின்னே தள்ளியது, முன்னால் போகிற சட்டைகள் சிறுத்துக்கொண்டே போயின.

அடுத்த வளைவு வந்தது. வால் நான். சத்தம் கொடுக்க வேண்டும். அண்ணாச்சியின் குரலை எடுக்க வாயைத் திறந்தேன், அது அங்கே இல்லை, அதன் சொந்தக்காரர் அதை வாங்கிக்கொண்டு முன்னால் போய்விட்டிருந்தார். கண்டக்டரின் குரல், ஹக்கீம் அண்ணனின் குரல், எதுவும் வரவில்லை. கடைசியில் வந்தது ஒரு மெல்லிய, பாதியில் கீச்சிட்டு உடைகிற குரல், அதை நான் ரோட்டில் ஒரு தடவையும் பயன்படுத்தியதில்லை.

"வாலு உண்டு."

எதிர்காற்றில் அது என் ஹேண்டில்பாரைத் தாண்டியிருக்காது. பக்கத்தில் இருந்த பனைமரத்துக்குக்கூடக் கேட்டிருக்காது.

ஏற்றத்தின் உச்சியில் மறைவு வேகத்தைக் குறைத்தது. நிற்கவில்லை, என் கால்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேகத்துக்கு வந்தது. ஆனியிலும் ஆடியிலும் ஆவணியிலும், தள்ள ஆளில்லாமல் கடைசியில் வந்த நான் ஒரு ஞாயிறுகூட விடுபட்டுப் போகாமல் மிதித்த வேகம், செத்தவருக்கு என்ன அவசரம் என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்ட வேகம். பஞ்சு வைத்த காதுக்கு முதல் நாளே, முதல் சத்தத்திலேயே, கடைசியில் வருவது யாருடைய தொண்டை, யாருடைய கால் என்று தெரிந்திருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தேன். என் சட்டை அடங்கியது. முன்னால் யாரோ சிரித்தார்கள். ஹக்கீம் அண்ணன் இல்லை, சுயம்பு அண்ணாச்சியும் இல்லை. மூக்கில் ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடங்கிய சிரிப்பு, எனக்குச் செய்ய வராத குரல்.